மாமாவின் மரப்பெட்டியும் நாலு டிஸ்க் பெட்டியும்

பிறந்தது கொழிஞ்சாம்பாறை, பிழைப்பு குமுளி. பாலக்காட்டு எல்லையில் வளர்ந்தவன், இடுக்கி எல்லையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டிருக்கிறேன். இரண்டுமே கேரளம், இரண்டு ஊர்க் கடைத்தெருவிலும் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். அங்கே கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பாதை. இங்கே செக்போஸ்ட்டைத் தாண்டி மலையிறங்கினால் கம்பம். அங்கே கணவாய்க் காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டும். இங்கே ஆடி மழை தொட்டதையெல்லாம் பூஞ்சை பிடிக்க வைக்கும். படத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இரண்டுமே எதிரி.

என் கடை அலமாரியில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, என் தாய்மாமா கொழிஞ்சாம்பாறையில் நடத்திய ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டி. பலாப்பலகை, பித்தளைக் கொக்கி. இன்னொன்று, இங்கே ஒரு கல்யாண ஸ்டுடியோவிலிருந்து வந்த காலிக் கூடு. நாலு ஹார்ட் டிஸ்க் செருகுகிற கறுப்புப் பெட்டி. ஓர் ஐப்பசி இடியில் செத்தது. ஊர்க்காரர்களின் முகங்களைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் இரண்டின் வேலையும். அந்த வேலையில் எது எப்போது கைவிட்டது, கைவிட்ட பிறகு என்ன திரும்பக் கிடைத்தது என்பதை இரண்டு காலத்திலும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

அன்று

1980களில் பள்ளி விடுமுறை என்றால் எனக்கு மாமா ஸ்டுடியோவில் எடுபிடி வேலை. இருட்டறையில் சிவப்பு பல்ப்பு, மூக்கைத் துளைக்கும் ஹைப்போ வாடை, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் ஈரப் படங்கள். கறுப்பு வெள்ளைச் சரக்கு ஊட்டியிலிருந்து வரும். மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த கம்பெனி. ‘இந்து’ என்று பெயர் அச்சிட்ட அதன் டப்பாக்கள் காலியானபின் எங்கள் வீட்டில் கடுகுக்கும் மிளகுக்கும் பயன்பட்டன.

படம் கழுவி முடிந்ததும் நெகட்டிவ் ஒரு காகித உறைக்குள் போகும். உறையின் மேல் எண், தேதி, பெயர், ஊர், எத்தனை காப்பி. அதே எண் நோட்டுப் புத்தகத்திலும் ஏறும். அப்புறம் மரப்பெட்டி. மழைக்காலத்தில் பெட்டியிருக்கும் அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்ப்பு இரவும் பகலும் எரியும். அந்தச் சூடுதான் ஈரத்தை விரட்டும் மருந்து. கரண்ட் பில்லைப் பார்த்து அத்தை முணுமுணுப்பார். மாமா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இத்தனை செய்தும் நெகட்டிவ் கெடத்தான் செய்தது. ஆனால் அது கெட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். தூசி உரசிக் கீறல் விழும். மணமகன் நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு வரும். பூஞ்சை ஒரு மூலையில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் நடுப்பக்கம் நகரும். எலி கடித்தால் ஓர் உறை போகும். கூரை ஒழுகி நனைந்தால் பத்து நெகட்டிவ் ஒன்றோடொன்று ஒட்டும். தண்ணீரில் ஊறவைத்துப் பொறுமையாக உரித்தால் ஏழு தேறும். பாதி போன படத்தில் மீதிப் பாதி இருக்கும். இழப்பு சில்லறை சில்லறையாக வந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வந்தது.

அன்றைய ‘ரெக்கவரி’யை நான் முதலில் பார்த்தது ஒரு சாவு வீட்டுக்காக. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். வாழ்நாளில் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளாதவர். காரியத்துக்குள் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்று மகன் வந்து நின்றார். மாமா நோட்டைப் புரட்டினார். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. “எந்தக் கல்யாணத்துலயாவது குரூப்ல நின்னிருப்பாரு, யோசிச்சுப் பாருங்க” என்றார். யோசித்தார்கள். பொள்ளாச்சியில் பெரியவரின் அக்கா மகள் வீடு ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் மகன் பஸ் ஏறிப் போய்க் கொண்டுவந்த படம், அந்த அம்மா தகரப்பெட்டியில் முகூர்த்தப் புடவைக்கு அடியில் வைத்திருந்தது. பதினெட்டுப் பேர் நிற்கிற படம். பின்வரிசையில் இரண்டு தலைகளுக்கு நடுவே, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரியவரின் முகம்.

மாமா அந்தப் படத்தைப் பலகையில் குண்டூசி குத்தாமல் கண்ணாடி வைத்து அழுத்தி, இரண்டு பக்கமும் பல்ப்பு போட்டு, மேலிருந்து இன்னொரு படம் எடுத்தார். அதற்குக் காப்பி நெகட்டிவ் என்று பெயர். அந்த நெகட்டிவில் முகத்தை மட்டும் பெரிதாக்கி, சீவிச் சீவி ஊசியாக்கிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே கண்ணோரம், மூக்கோரம் தொட்டுத் தொட்டு வேலை செய்தார். பக்கத்தில் நின்றவரின் தோள் பெரியவரின் காதை மறைத்திருந்தது. மகனை உட்கார வைத்து மகன் காதைப் பார்த்து அப்பா காதை வரைந்தார். வெற்றுடம்போடு நின்றவருக்குத் தூரிகையால் ஒரு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார். பதினாறாம் நாள் படம் சுவரில் ஏறியது. மகன் அதைப் பார்த்து, “அப்பா சட்டை போட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே அழுதார்.

மாமா அன்று சொன்னதை நான் தொழிலுக்கு வந்து வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். “நெகட்டிவ்தான்டா நம்மகிட்ட. படம் ஊர் பூரா இருக்கு.” ஒரு கல்யாணத்துக்கு முப்பது காப்பி போட்டால், அவை சித்தூர், பொள்ளாச்சி, உடுமலை, கோயம்புத்தூர் என்று போய்விடும். யாரும் திட்டம்போட்டுச் செய்ததல்ல. பெண் கொடுத்தும் எடுத்தும் எல்லைக்கு இரண்டு பக்கமும் பரவிக் கிடந்த குடும்பங்கள், தங்களுக்கே தெரியாமல் மாமாவின் பெட்டிக்குக் காவல் இருந்தன.

நடுவில்

இந்த எல்லைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வயது ஒன்று. 1956 செப்டம்பரில் ஐபிஎம் கம்பெனி ராமாக் என்ற எந்திரத்தை அறிமுகப்படுத்தியது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பதை ஒரே அச்சில் அடுக்கிச் சுழலவிட்டு, அதில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தார்கள். இன்றைய கேமராவில் எடுத்த ஒரே ஒரு கல்யாணப் படத்துக்கே அது போதாது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. சொந்தபந்தம் பாதி மலைக்கு மேல், பாதி மலைக்குக் கீழ் என்று ஆனது.

டிஸ்க் சிறுத்தது, விலை குறைந்தது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரிய விலையுயர்ந்த டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் வேகமும் கிடைக்கும், ஒன்று போனாலும் தரவு போகாது என்பது சாரம். அதற்கு வைத்த பெயர்தான் ரெய்டு. பெயரிலுள்ள ‘ஐ’ என்ற எழுத்து முதலில் ‘மலிவான’ என்ற பொருளில் வைக்கப்பட்டது. விற்க வந்த கம்பெனிகளுக்கு மலிவு என்ற சொல் பிடிக்குமா? அதைத் ‘தனித்தனியான’ என்று மாற்றிக்கொண்டார்கள். இந்தச் சொல் மாற்றத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே 2000க்குப் பிறகு ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாறின. ஹைப்போவிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்கள் பழைய நெகட்டிவையும் எடைக்குக் கேட்டு வந்தார்கள். மாமாவும் கொடுத்தார். ஒரு பெட்டி மட்டும் தப்பித்து என்னிடம் வந்தது. படங்கள் முதலில் சிடி, அப்புறம் டிவிடி, அப்புறம் ஒற்றை ஹார்ட் டிஸ்க், கடைசியில் நாலு டிஸ்க் பெட்டி. முப்பது காப்பி போடுகிற வழக்கம் நின்றுபோய், ஓர் ஆல்பம், ஒரு பென்டிரைவ் என்று ஆனது. நெகட்டிவும் ஸ்டுடியோவில், படமும் ஸ்டுடியோவில்.

இன்று

மலையாளத்தில் துலாம், நமக்கு ஐப்பசி. காலையில் பளிச்சென்று வெயில். பகல் மூன்று மணிக்கு மேல் மலை உறுமத் தொடங்கும். இடுக்கிக்காரர்கள் அந்த நேரத்தில் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அப்படி ஒரு நாளின் மறுநாள் காலை, எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒரு சாக்குப் பையோடு வந்தார். பைக்குள் கறுப்புப் பெட்டியும், அதிலிருந்து பிடுங்கிய நாலு டிஸ்க்குகளும், முட்டைபோலத் துண்டில் சுற்றி.

“தம்பி, நாலு டிஸ்க் போட்டிருக்கேன்ல. ஒண்ணு போனாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொல்லி வித்தாங்க?”

“உண்மைதாண்ணே. எத்தனை போச்சு?”

அவர் பேசாமல் இருந்தார். கேட்கக் கேட்கக் கதை வந்தது. ஆவணி மாதமே பெட்டி பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. மூன்றாவது அறையின் விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருக்கிறது. முகூர்த்த மாதம், ஆல்பம் வேலை தலைக்கு மேல். சத்தத்தை நிறுத்தும் பொத்தானை உதவிப் பையன் கண்டுபிடித்து அமுக்கியிருக்கிறான். படங்கள் வழக்கம்போலத் திறந்தன, எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஐப்பசி இடியில் பெட்டியின் போர்டு போனது. கூடவே இன்னொரு டிஸ்க்கும் சீக்கானது.

அவருக்கு ரெய்டைக் கொழுந்து எடையை வைத்து விளக்கினேன். அவர் வண்டிப்பெரியாற்று எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். மூன்று பேர் கொழுந்து பறித்துக் கொண்டுவருகிறார்கள். எடை 21, 18, 25. கணக்கில் மூன்று எடையும் எழுதி, நாலாவதாக மொத்தம் 64 என்றும் எழுதிவைக்கிறார்கள். மழை பட்டு ஒருவர் எடை அழிந்தாலும் கவலையில்லை. மொத்தத்திலிருந்து மற்ற இரண்டைக் கழித்தால் வந்துவிடும். மொத்தமே அழிந்தாலும் மறுபடி கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு எண் அழிந்தால்? 64இல் 21 போக மீதி 43 என்று தெரியும். அதில் யாருக்கு எவ்வளவு என்று ஆண்டவனுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் நிஜத்தில் கூட்டுவதில்லை, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று மட்டும் பார்க்கிறது. தத்துவம் இதேதான். அவருடைய நாலு டிஸ்க்கும் தலா 4 டெராபைட். மொத்தம் எழுத ஒரு டிஸ்க் அளவு போக, படத்துக்கு 12 டெராபைட்.

ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மரப்பெட்டியில் ஓர் உறையை எடுத்தால் அதில் ஒரு முழு முகம் இருக்கும். இந்தப் பெட்டியில் ஒரு படத்தை 64 கிலோபைட் துண்டுகளாக நறுக்கி டிஸ்க் டிஸ்க்காக மாற்றி மாற்றிப் போட்டிருக்கும். தனியாக ஒரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையும் பார்க்க முடியாது. சேர்ந்திருந்தால் எல்லாம் உண்டு. பிரிந்தால் ஒன்றுமே இல்லை. சில்லறையாக வந்துகொண்டிருந்த இழப்பு இப்போது மொத்தமாக வருகிறது.

“புதுப் பெட்டி ஒண்ணு இரவல் வாங்கி இந்த டிஸ்க்க மாட்டிப் பாத்தேன் தம்பி. இனிஷியலைஸ் பண்ணவான்னு கேட்டுச்சு.”

“அமுக்குனீங்களா?”

“உங்கிட்ட கேட்டுக்கிட்டு அமுக்கலாம்னு...”

எனக்கு மூச்சு வந்தது. இந்தத் தொழிலில் செத்த டிஸ்க்கைவிட அந்தக் கேள்விக்கு ‘சரி’ சொன்ன விரல்தான் அதிகம் கெடுத்திருக்கிறது. ‘வெற்று டிஸ்க்காக நினைத்துப் புதுக் கணக்கு தொடங்கட்டுமா’ என்பதுதான் அதற்கு அர்த்தம். புதுக் கணக்கு எழுதினால் பழைய பக்கத்தின் மேல்தான் எழுதும்.

முதல் வேலை, எந்த டிஸ்க் எந்த அறையிலிருந்தது என்று மார்க்கரில் எழுதியது. இரண்டாவது, நாலையும் புதிய டிஸ்க்குகளில் அச்சு மாறாமல் நகல் எடுத்தது. மூல டிஸ்க்கில் படிக்க மட்டுமே அனுமதி; ஒரு புள்ளிகூட எழுதக் கூடாது. இரண்டு டிஸ்க் ஒரே நாளில் முடிந்தன. ஆவணியிலேயே விலகிய மூன்றாம் அறை டிஸ்க்கும் முக்கி முனகி முடித்தது. இடியில் சீக்கான இரண்டாம் அறை டிஸ்க்தான் சோதித்தது. அதற்கு டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். அது ஏலக்காய் எடுப்பு மாதிரி வேலை செய்யும். ஒரே தடவையில் செடியை உருவாமல், சுலபமாக வருகிற இடங்களையெல்லாம் முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கிற இடங்களைக் குறித்துவைத்து, அடுத்தடுத்த சுற்றில் திரும்பிவரும். கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றால் டிஸ்க்கின் ஹெட் தேய்ந்து நல்ல இடமும் போய்விடும். நாலு நாள் ஓடியது. டிஸ்க்குக்குப் பக்கத்தில் சின்ன ஃபேன். மூன்று மணிக்கு மேகம் கூடினால் இன்வெர்ட்டரை மட்டும் நம்பி மெயினை அணைத்தேன்.

அந்த நாலு நாளில் பொறுமையில்லாமல் ஒரு காரியம் செய்தேன். சீக்கு டிஸ்க்கை விட்டுவிட்டு, நல்ல இரண்டோடு மூன்றாம் அறை டிஸ்க்கின் நகலைச் சேர்த்துப் பார்த்தேன். மூன்று எண் இருந்தால் போதுமே. போன வருஷக் கல்யாணங்கள் அழகாகத் திறந்தன. ஐப்பசிக் கல்யாணம் ஒன்றைத் திறந்தேன். மேலே பந்தல், தோரணம், மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி, புருவம் வரை சரி. மூக்கிலிருந்து கீழே பச்சையும் ஊதாவுமாக ஒரு பட்டை. அதற்குக் கீழே வேறு யாருடைய கல்யாணத்துச் சாப்பாட்டுப் பந்தியோ ஓர் ஓரம். காரணம் இதுதான்: மூன்றாம் அறை டிஸ்க்கின் கடிகாரம் ஆவணியிலேயே நின்றுவிட்டது. அதற்குப்பின் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. கேட்டால் தன்னிடமிருக்கும் பழையதையே எடுத்து நீட்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் குறிப்பேட்டிலும் அது எத்தனையாவது மாற்றம் வரை கூட இருந்தது என்று ஓர் எண் இருக்கும். மற்ற மூன்றின் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. மூன்றாம் அறையுடையது பல ஆயிரம் பின்னால்.

அப்படியானால் அதைத் தூக்கி எறிவதா? இல்லை. இங்கேதான் இந்தத் தொழிலின் ருசி. ஆவணிக்கு முன்னால் எழுதி, அப்புறம் யாரும் தொடாத பகுதிகளுக்கு அந்தப் பழைய டிஸ்க் சொல்வதும் சத்தியம்தான். சீக்கு டிஸ்க்கில் படிக்கவே முடியாமல் போன ஓட்டைகளில், பழைய கல்யாணங்களுக்குரியவற்றை அதன் துணையோடு அடைத்தேன். எல்லாம் சேர்ந்தபின், எட்டு வருஷக் கல்யாணங்கள் முழுசாக வந்தன. ஆவணிக்குப் பிறகு நடந்த ஒரு கல்யாணத்தில் மட்டும் நாற்பது சொச்சம் படங்கள் உடைந்தே நின்றன. அவற்றில் சில, தாலி கட்டுகிற நேரத்துப் படங்கள்.

அந்த ஓட்டையை எந்த மென்பொருளும் அடைக்கவில்லை. பெண் வீடு உத்தமபாளையம். ஸ்டுடியோக்காரர் கூச்சத்தை விட்டுப் போன் செய்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தவை சுருங்கிக் கலங்கியிருந்தன. ஆனால் பெண்ணின் சித்தி மகன் மேடைக்குப் பக்கத்தில் நின்று மொபைலில் எடுத்த மூலப்படங்களை அழிக்காமல் வைத்திருந்தான். ஆல்பத்தில் அந்தப் பக்கம் கொஞ்சம் வேறு கோணத்தில் இருக்கும். மகன் காதைப் பார்த்து அப்பா காதை மாமா வரைந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

தனித்தனி

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ரெய்டில் டிஸ்க்குகள் ‘தனித்தனியானவை’ என்று பெயர். ஸ்டுடியோக்காரரின் நாலு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து பிரித்துத் தந்தவை. ஒரே வெப்பத்தில் எட்டு வருஷம் சுழன்றன. ஒரே வயரிலிருந்து கரண்ட் குடித்தன. அந்த வயரில் இடி இறங்கினால் எது தனித்தனி? ஒன்று செத்ததும் மற்றவையும் அதே வயதில் நிற்கின்றன. புது டிஸ்க் போட்டு ‘ரீபில்டு’ ஓடவிட்டால், மிச்சமுள்ள கிழட்டு டிஸ்க்குகளை முதல் பிட்டிலிருந்து கடைசி பிட்டு வரை நிறுத்தாமல் படிக்க வேண்டும். வயதான மாட்டை ஒரே மூச்சில் மலையேற்றுகிற வேலை. இரண்டாவது டிஸ்க் பெரும்பாலும் அந்த ஏற்றத்தில்தான் விழுகிறது.

விழப்போவதை முன்கூட்டியே சொல்லும் என்று நம்பவும் முடியாது. 2007இல் கூகுள் கம்பெனிக்காரர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். செத்தவற்றில் 36 சதவீதத்துக்கும் மேல் தங்கள் உடல்நிலைக் குறிப்பில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்திருந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்ற பாடத்தை டிஸ்க் செய்கிறவர்களே கற்காதவர்கள்தாம். 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது அங்கே குவிந்திருந்த தொழிற்சாலைகள் மூழ்கி, உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறியது.

மலைக்காரனுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஒரே இடத்தில் வைத்தது ஒரே இரவில் போகும் என்பதை மூணாறு 1924 ஜூலையில் பார்த்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். தேயிலை ஏற்றிப்போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அந்த வெள்ளத்தோடு போனது, திரும்பப் போடவேயில்லை. 2018 ஆகஸ்டில் 26 வருஷத்துக்குப் பின் செறுதோணி அணையின் கதவுகள் திறந்தன. அந்த மாதம் வந்த வெள்ளத்தில் மாநிலம் முழுக்க ரேஷன் கார்டும் பத்திரமும் சான்றிதழும் போயின. செப்டம்பரில் அரசாங்கம் அதாலத் என்ற முகாம் நடத்தி, டிஜிலாக்கர் வழியாகவும் துறைப் பதிவேடுகளிலிருந்தும் அவற்றைத் திரும்ப எடுத்துக் கொடுத்தது. ஈரத்தாளைக் காயவைத்து மீட்டது கொஞ்சம்தான். கிடைத்ததெல்லாம் வேறொரு இடத்தில் ஒரு பிரதி இருந்ததால் கிடைத்தது.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்தது. 70 பேர். கரண்டும் மொபைல் டவரும் இல்லாமல், சேதி வெளியே வரவே மறுநாள் ஆனது. வீடு போனபின் வீட்டுக்குள்ளிருந்த பெட்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தோட்டத் தமிழர்களில் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம் பூர்வீகம். அந்த ஊர்ச் சுவர்களில் மாட்டியிருந்த கல்யாணப் படங்கள்தான் மிச்சம் என்று ஆனால், அந்தச் சுவரின் மதிப்பு என்ன என்று யோசிக்கிறேன்.

கம்பம் பஸ்

ஸ்டுடியோக்காரர் பணம் கொடுக்கும்போது கேட்டார்: “இனிமே ஆறு டிஸ்க் போடுற பெட்டி வாங்கிரட்டுமா தம்பி? ரெண்டு போனாலும் தாங்குமாம்ல.”

வாங்கலாம், தப்பில்லை. ஒரு டிஸ்க் செத்தாலும் கடையை மூடாமல் அன்றைக்கு வேலை பார்க்கலாம். ரெய்டு அதற்குத்தான். தெரியாமல் அழித்த படத்தை அது திருப்பித் தராது. திருடன் தூக்கினாலும் இடி விழுந்தாலும் பெட்டியோடு சேர்ந்து போகும். படத்தைக் காப்பாற்றத் தனியாக ஒரு பிரதி வேண்டும். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதற்கு மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு வாய்ப்பாடு சொன்னார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். கம்ப்யூட்டர்காரன் சொல்லாமல் ஸ்டுடியோக்காரர் ஒருவர் சொன்னது என்பதால் இவரிடம் அதைச் சொல்ல எனக்குச் சௌகரியமாக இருந்தது.

“வேற எடம்னா? பக்கத்துக் கடையிலயா?”

“உங்க தங்கச்சியக் கம்பத்துலதானே கட்டிக் குடுத்திருக்கீங்க?”

அவருக்கு உடனே பிடிபட்டது. குமுளிக்கும் கம்பத்துக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் தரவுக்கு அது இன்னொரு உலகம். இங்கே ஆடி மழை கொட்டும்போது அங்கே வெயில் காயும். இங்கே கேரள மின்வாரியம், அங்கே தமிழ்நாட்டு மின்வாரியம். இங்கே விழும் இடி அங்கே விழாது. இங்கே சரியும் மண் அங்கே போகாது. தனித்தனி என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப்பக்கம் போக வேண்டும். இன்டர்நெட் வழியாக மேகத்துக்கும் ஏற்றலாம். ஆனால் ஒரு கல்யாணத்தின் வீடியோவும் மூலப்படங்களும் நூற்றுக்கணக்கான ஜிகாபைட். மழையில் கேபிள் அறுந்தால் பாதியில் நிற்கும். பஸ் அதைவிடச் சீக்கிரம் போய்விடும்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை ஒரு டிஸ்க் மலையிறங்குகிறது. பழைய மாதத்து டிஸ்க் மேலேறி வருகிறது. டிபன் கேரியர் பையில், துணி சுற்றி, மடியில் வைத்தபடி லோயர் கேம்ப் கொண்டை ஊசி வளைவுகளில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து பத்துப் படமாவது திறந்து பார்க்க வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. திறந்து பார்க்காத பிரதி இருந்தும் இல்லாததுதான்.

போன மாதம் ஒரு வேலையாகக் கம்பம் போனவன் அந்தத் தங்கை வீட்டுக்கும் போனேன். டிஸ்க்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஈரம் படாத இடமா, பிள்ளைகள் கைபடாத இடமா என்று ஒரு சர்வீஸ்காரனின் கவலை. அந்த அக்கா பீரோவைத் திறந்தார். அந்துருண்டை வாசனை. மடித்த துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கடைசியில் அரக்கு நிறத்தில் ஜரிகை கறுத்த ஒரு புடவைக்கு அடியிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் காட்டினார்.

“கூறப்புடவைங்க. இத யாரும் தொட மாட்டாங்க” என்றார்.